அரை அங்குலம்

மறுபடியும் நகர்ந்துவிட்டது.
அடுப்பை அடுத்த கீழ் அலமாரி,
முப்பத்தாறு அங்குல அகலம், மூன்று இழுப்பறை,
வெள்ளை மேப்பிள்.
சுவரோடு ஒட்டிவிட்டு
மவுஸிலிருந்து விரல் எடுத்ததும்
அரை அங்குலம் விலகி நிற்கிறது,
சண்டைக்குப் பின் சோபாவின் மறுகோடியில்
உட்கார்ந்துகொள்கிறவர் மாதிரி.

தண்டர் பேயில் பிப்ரவரி. இரவு பதினொன்றே கால்.
ஏரி கெட்டித்துக் கிடக்கிறது.
பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.
காலை ஒன்பதுக்கு ஹியெட்டலா தம்பதி வருகிறார்கள்,
கையெழுத்துப் போட.

தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று.
அழித்து வரைந்தேன்.
ஆழம் இருபத்து நான்கு என்று எண்ணை அடித்தேன்.
தானாக ஒட்டும் வசதியை அணைத்தேன்:
அலமாரி சுவரைத் துளைத்துக்கொண்டு
அந்தப்பக்கப் படுக்கையறையில்
கட்டில் தலைமாட்டில் போய் நின்றது.
மென்பொருளை மூடித் திறந்தேன்.
கணினியை மூடித் திறந்தேன்.
என்னையும் பத்து நிமிடம் மூடித் திறந்தேன்,
வாசலில், மைனஸ் இருபத்தேழில்.

முப்பரிமாணத்தில் இன்னும் மோசம்.
மேடைக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே
கறுப்பாக ஒரு கீற்று.
நாளைக்கு அதில் கரண்டி விழும், ரொட்டித் துணுக்கு விழும்,
எறும்புக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தொலைபேசி வரும்.
கேமராவை அதற்குள்ளேயே இறக்கிப் பார்த்தேன்.
சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை.
இல்லாததில் முட்டிக்கொண்டு
கேமரா நின்றது.

அப்புறம்தான் லேயர் பட்டியலைத் திறந்தேன்.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டாவதன் எதிரே
சின்னக் கண் மூடியிருந்தது.
தட்டினேன்.
சுவரின் மேல் இன்னொரு சுவர் எழுந்தது.

போன மார்ச்சில் நான் வரைந்தது.
அப்போது பாவோவுக்குத் தானியக் கிடங்கில் இரவு ஷிப்ட்.
அடுப்புக்குப் பின்னால்தான் அவர் படுக்கை,
பகல்தான் அவர் ராத்திரி.
சத்தம் உறிஞ்சும் பலகை ஒன்று,
சுவர் நீளத்துக்கு, அரை அங்குலம்,
லோர்னா கேட்டு வாங்கியது.
அக்டோபரில் ஷிப்ட் போயிற்று, வேலையோடு சேர்த்து.
பலகை வேண்டாம் என்று ஒரு வரி வந்தது.
நான் அழிக்கவில்லை, மறைத்தேன்.
மறைத்ததை மறந்தேன்.
அலமாரி மறக்கவில்லை.

இரண்டரை மணி நேரம் அதைத் திட்டியிருக்கிறேன்,
ஃபின்னிஷில், பிறகு ஆங்கிலத்தில்.
அது பாட்டுக்கு,
போய்விட்டதென்று யாரும் சொல்லாத ஒன்றுக்கு
இடம் விட்டு நின்றிருக்கிறது.

டெலீட் அடித்தேன். கேட்டது:
இதோடு இணைந்த மூன்று பொருள்களும் நீங்கும், சம்மதமா?
ஒரு ஸ்விட்ச், ஒரு பிளக்.
மூன்றாவது எதுவென்று நினைவில்லை.
சம்மதம்.
டக்கென்று அலமாரி சுவரில் உட்கார்ந்தது.
ஸ்பீக்கர் அணைந்திருந்தது.
டக் என்றது நான்தான்.

ஒன்பது ஐந்துக்கு வந்தார்கள்.
பாவோ பூட்ஸ் பனியைத் தரை அதிர உதறினார்,
முழுக்க விழித்த மனிதர்.
லோர்னா காபிக் கோப்பையை மேஜையில் வைத்தார்.
வைத்தது கேட்கவில்லை.

"மெல்ல மூடும் கீல் போடலாமா?
கதவுக்குப் பன்னிரண்டு டாலர் கூடும்."
"எதற்கு ஐலா? வீட்டில் யார் தூங்குகிறார்கள்?
படாரென்று சாத்தட்டும்," என்று பாவோ சிரித்தார்.
லோர்னா மாதிரிக் கதவைத் திறந்தார்.
ஓங்கிச் சாத்தத்தான் கை போனது.
கடைசி இரண்டு விரற்கடையில்
மற்றக் கை தானாக வந்து
கதவைத் தாங்கிக்கொண்டது.

மூவரும் அதைப் பார்த்தோம்.
கீல் என்ற கட்டத்தில்
நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.

பாவோ தொண்டையைக் கனைத்தார்,
திரையை நெருங்கிக் குனிந்தார்,
சிங்க் இருந்த இடத்தில் விரல் வைத்தார்:
"எல்லாம் சரி.
குழாய் எங்கே?"